சாமைக்குள் வைத்த பொட்டி

கார்த்திகை 18, புதன்

சிட்டு, இன்றைக்கும் மூடுபனி. எதிர் வீட்டுக் கூரை தெரியவில்லை. களத்தில் கொட்டிய சாமை இன்னும் ஈரம். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்குகிறது, உடைய மாட்டேன் என்கிறது. இன்னும் இரண்டு வெயில் வேண்டும்.

ஆட்டுக்குத் தழை. ரேஷனில் பாமாயில் வரவில்லை. உங்கப்பாவுக்கு இருமல். சுக்கு வாங்கணும்.

சபீனா போன் செய்தாள். உன்கூடப் படித்தவள், போளூர்ப் பெண். அவள் பேர் வந்தால் நான் எடுப்பதில்லை. இன்றைக்குக் கையெல்லாம் மாவு. துடைக்கப் போய் விரல் பட்டுவிட்டது. அவளும் திடுக்கிட்டாள் போல. 

பிறகு சொன்னாள். நீ, அவள், உங்க சார் மூன்று பேரும் செய்த வேலையைக் கட்டுரையாக எழுதி அனுப்பப் போகிறார்களாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் போகணும். நீ சொல்லுவாயே அந்தக் குட்டித் தட்டு, அது நிஜமாகவே செய்து வந்துவிட்டதாம். மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் கீழே விழுந்து ஒட்டிக்கொள்கிறது என்று அளந்தும் விட்டார்கள். அதே இடத்தை உன் கணக்கும் சொல்லணும். அந்தக் கணக்கு உன் கம்ப்யூட்டர் பொட்டியில் பாதியில் நிற்கிறது. முடியவில்லை என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு அனுப்புவார்கள். உன் பேரும் அதோடு போய்விடும்.

"சார் மேல தப்பு இல்லம்மா. கணக்கு இல்லாம பேரு போட முடியாது."

மெதுவாகத்தான் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். "சனிக்கெழம வர்றேன். நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம். பாத்துட்டு மட்டும் போறேன்" என்றாள்.

பொட்டி எங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கப்பாவும் கேட்கவில்லை.


19, வியாழன்

வெயில் ஒரு முழம் வந்து போனது. சாமையைக் கிளறிவிட்டேன்.

இதையும் எழுதி வைக்கிறேன். ஆடியில் நீ காய்ச்சலில் போனாய். பின்னாடியே மழை. சுவரெல்லாம் ஈரம், உன் புத்தகத்தில் பூஞ்சை. ஈரம் படக்கூடாத சாமானை நாம் எங்கே வைப்போம்? கல்யாணப் புடவை, பட்டா, விதை, தீப்பெட்டி எல்லாம் சாமைக்குள்தான். உன் பொட்டியை உன் துண்டில் சுற்றிப் பெரிய பானையில் இறக்கினேன். மேலே கழுத்து வரைக்கும் சாமை. மூடி போட்டு விளிம்பில் சாணி மெழுகினேன். ஒரு துளி ஈரம் பட்டிருக்காது. உனக்காக அப்புறம் செய்தது அது ஒன்றுதான்.

கடையில் உன் சின்னம்மா நின்றாள். போளூர்ப் பெண் வரப்போவது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "செத்தவ பொட்டிய வெச்சிட்டு இன்னா பண்ணப்போற, குடுத்துத் தொலையேன்" என்றாள். உன் சின்னம்மா வாய் உனக்குத் தெரியாததா. நான் சுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ காட்டின விளையாட்டு. போனைப் படுக்கப் பிடித்தால் படமும் படுத்து, உடனே எழுந்துவிடும். "உள்ள ஒரு குட்டித் தட்டு இருக்குதும்மா. ஸ்பிரிங் கால்ல நிக்குது. போன் சாஞ்சா அதுவும் சாயும். அத வெச்சுத்தான் எது கீழன்னு போனுக்குத் தெரியும்" என்றாய். அந்த மாதிரித் தட்டுதான் உன் வேலை. நான் அப்போது அடுப்பை ஊதிக்கொண்டு சரி சரி என்றேன்.

இப்போது உன் படம். எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராக நிற்கிறாய்.


20, வெள்ளி

மழை. சாமையை அள்ளி உள்ளே கொட்டியாயிற்று. வீடெல்லாம் சாமை வாசனை.

பானையைத் திறந்தேன். சாணியைப் பெயர்க்கும்போது உங்கப்பா வாசலில் இருந்து பார்த்தார்.  எழுந்து போய் ஆட்டை அவிழ்த்துக் கட்டினார். கட்டியிருந்த ஆடுதான்.

பொட்டி சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. சாமைக்குள் இருப்பது எல்லாம் அப்படித்தான் இருக்கும். துண்டில் உன் தேங்காயெண்ணெய் வாசனை இல்லை. சாமை அதையும் இழுத்துக்கொண்டது.

திறந்து பார்க்கவில்லை. சாமி மாடத்துக்குக் கீழே வைத்தேன். அவளுக்குக் காட்டுவேன். கொடுக்க மாட்டேன்.

உப்பு. மண்ணெண்ணெய் விளக்குத் திரி. சபீனாவுக்குக் கறியா, வேண்டாமா. நாம் அறுத்தது அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று நீ சொன்ன ஞாபகம். முட்டை.


21, சனி

சபீனா காலை பஸ்ஸில் வந்தாள். மலை ஏறும்போது இரண்டு தடவை வாந்தியாம். முகம் வெளுத்துப்போய் நின்றாள். சுக்குக் காப்பி கொடுத்தேன். உன்னைவிட உயரம். உன்னை மாதிரியே செருப்பை ஒன்று இங்கே, ஒன்று அங்கே விட்டாள்.

பொட்டியைக் கையில் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவினாள். திருப்பினாள். உள்ளே சலசல என்று சத்தம்.

"இன்னாம்மா இது?"

சாமை என்றேன்.

"சாமையா?"

எல்லாம் சொன்னேன். பானை, துண்டு, சாணி. கேட்டுக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. "அம்மா, உள்ள வெள்ளாமையே நடந்திருக்கும்மா." எனக்கும் வந்துவிட்டது. ஆடிக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. உங்கப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் சிரிப்பு நின்றது. கரண்டில் மாட்டித் திறந்தாள். விளக்கு எரிந்தது, உள்ளே கரகர என்று அரைத்தது, அடுப்புக் கல் மாதிரி சூடாகி அணைந்துவிட்டது. சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு குட்டிக் காற்றாடி உண்டாம். சாமை அதில் போய் அடைத்துக்கொண்டது. துண்டின் நெசவு தளர்ச்சி, சாமை நுழைந்துவிட்டது. ஈரத்திலிருந்து காப்பாற்றினேன். மற்றதை நினைக்கவில்லை.

சபீனா பையில் சின்னத் திருப்புளி வைத்திருந்தாள். அடிப்பக்கத்தைக் கழற்றினாள். முறத்தைக் கீழே வைத்து நான் ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அவள் கோழி இறகால் துடைத்தாள். உமி நிறைய. மதியம் வரைக்கும் அதே வேலை. எடுத்துச் சேர்த்தது ஒரு சிட்டிகைதான். எறிய மனசில்லை, பானையிலேயே போட்டேன்.

வேலை செய்துகொண்டே கேட்டேன். உன்னிடம் கேட்காததை எல்லாம் அவளிடம் கேட்டேன். ஒரு சாமையை விரல் நுனியில் வைத்துக் காட்டி, "இது மேல நாலஞ்சு தட்டு வெக்கலாம்மா, அவ்ளோ சின்னது" என்றாள். அவ்வளவு சின்னதைச் செய்து பார்த்துத் தப்பு என்றால் பிரித்துத் திருத்த முடியாது. நிறையச் செலவு, மாசக் கணக்கில் காத்திருக்கணும். அதனால் செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் செய்து பார்ப்பது. சிமுலேஷன் என்று நீ சொல்வாய், எனக்கு வாயில் வராது. ஓட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

தட்டின் மேல் வலை போட்டது மாதிரிக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்களாம். ஒவ்வொரு முடிச்சும் எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கு. ஒரு முடிச்சு இறங்கினால் பக்கத்து முடிச்சையும் இழுக்கும், அது அடுத்ததை. எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கணும். சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரி என்றேன். ஆமாம் என்றாள்.

உன் கணக்கு முதலில் தப்பாகத்தான் வந்ததாம். எல்லாரும் தட்டு நேராகவே இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். செய்து வரும்போதே அது கொஞ்சம் வளைந்துதான் வரும், காய்ந்த பலா இலை மாதிரி, அந்த வளைவோடு போடணும் என்று நீதான் சொன்னாயாம். கால் சேருகிற மூலையில் வலையை நெருக்கமாகப் போட்டாயாம். அதனால் கணக்கு பெரிதாகிப் பல நாள் ஓடவேண்டியதாயிற்று. லீவுக்கு வந்தபோது இங்கே ஓட்டினாய். அதற்குள் காய்ச்சல்.

கணக்கு தானே இடையிடையே எழுதி வைத்துக்கொள்கிற மாதிரி செய்திருந்தாய். நின்ற இடத்திலிருந்து தொடங்கலாம்.

மூடி மாட்டினோம். திறந்தது. காற்றாடி லேசாக உறுமுகிறது, சூடு பரவாயில்லை. சபீனா உன் கணக்குகளின் பேரையெல்லாம் வாசித்தாள். சாமை. கொள்ளு. பலா. கடுக்கா. ஓணான். ஒரு பேரில் வந்து நின்றுவிட்டாள்.

"வேணாம்மா."

சொல்லு என்றேன்.

"'அம்மா கோவம்'னு வெச்சிருக்கா. இது எப்ப ஓட்டினாலும் பாதியில வெடிச்சி நின்னுடும். அதான்."

இருக்கட்டும் சிட்டு.

அப்புறம்தான் கஷ்டமான பேச்சு. காலேஜில் பெரிய மெஷின் இருக்கிறது, ஆனால் வரிசை. நம் முறை வருவதற்குள் செவ்வாய் போய்விடும். இந்தப் பொட்டியிலேயே ஓட்டினால் முடியும், அவள் பொட்டி தாங்காதாம். இங்கே கரண்ட் அடிக்கடி போகும். போளூரில் அவள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. "ரெண்டே நாளும்மா. நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

அவள் சொல்வதுதான் சரி. வாய் திறந்து கொடுக்கிறேன் என்று சொல்ல வரவில்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போனதும் இரண்டே நாள் என்றுதான்.

உங்கப்பா வாசலில் இருந்தபடியே சொன்னார். "சால் இங்க நின்னுச்சு. இங்கதான் முடிக்கணும்."

சபீனாவுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். உழுதுகொண்டிருக்கும்போது ஒருத்தர் செத்துப்போனால், காரியம் முடிந்ததும் வீட்டு ஆள் போய் ஏர் நின்ற சாலில் அதே ஏரை வைத்து மீதியை உழுது முடிக்கணும். அடுத்த வீட்டு ஆள் கை வைக்கக்கூடாது. முடிக்காத கொல்லையில் விதை போட மாட்டோம். உங்க தாத்தா போனபோது உங்கப்பாதான் முடித்தார்.

அவள் திருப்புளியைப் பையில் போட்டாள். "கரண்ட் போச்சுன்னா பேரும் போவும்மா" என்றாள். தெரியும் என்றேன். எழுதி வைத்ததையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு பித்தானை என்னை அமுக்கச் சொன்னாள். வீட்டு ஆள் கை.

அமுக்கினேன். வரி வரியாக எண் ஓட ஆரம்பித்தது.


22, ஞாயிறு

சபீனா முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சொல்லிக்கொடுத்துப் போனது:

மூடக்கூடாது.
துணி போட்டு மூடக்கூடாது. (இதை இரண்டு தடவை.)
அடியில் இரண்டு பக்கமும் கட்டை. காற்று போகணும்.
கடைசி எண் சின்னதாகிக்கொண்டே வந்தால் நல்லது. பெரிதாகித் திரும்பச் சின்னதானாலும் பயம் இல்லை.
சிவப்பு வரி வந்தால் போன்.

பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்டாள். அவளுக்கு நாளைக்கு வகுப்பு. போம்மா என்றேன்.

மதியம் கரண்ட் போனது. பொட்டியின் சொந்த பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஓரத்தில் பேட்டரிப் படம் குறைகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கையும் ஓடவில்லை. ஓட்டைக் குடத்தைப் பார்ப்பது மாதிரி.

உங்கப்பாவைக் காணோம். கொல்லைக்குப் போய்விட்டார் என்று நினைத்து மனசுக்குள் திட்டினேன். வண்டிச் சத்தம். பின்னால் சவுண்டு செட் கட்டுகிற முருகேசன், மடியில் இன்வெர்ட்டர். பேட்டரியை உங்கப்பா காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறார். கீழ் ஊரில் நாளைக்குக் காதுகுத்தாம், அதற்கு வைத்திருந்ததாம், அங்கே வேறு பார்த்துக்கொள்வானாம். இன்னா சொல்லி வாங்கினார் என்று கேட்டேன்.

"எம் பொண்ணு கொல்ல உழுவுதுன்னேன்" என்றார்.

முருகேசன் ஒயரை மாட்டினான்.  போகும்போது பொட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

எண் ஓடுகிறது. நிற்கவே இல்லை.


23, திங்கள்

நல்ல வெயில். சாமை களத்தில். சின்னம்மாதான் கிளறினாள், கூப்பிடாமலே வந்தாள். வந்தவள் வாய் சும்மா இருக்குமா. பொட்டி பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அட காக்கிறியா? எப்ப குஞ்சு பொரிக்கும்?" என்றாள். நாளைக்கு என்றேன். 

கரண்ட் வருகிறது, போகிறது. இன்வெர்ட்டர் கீச் என்கிறது. அந்தச் சத்தம் பழகிவிட்டது.

எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒரு வழக்கம் பிடிபடுகிறது. முதலில் பெரிது. அப்புறம் குறைந்து குறைந்து, ஒன்றுமில்லாததற்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு மூச்சு விடுகிற மாதிரி நின்று, அடுத்த அடி. மின்சாரம் ஒரு பொட்டு ஏறுகிறது. தட்டு ஒரு பொட்டு இறங்குகிறது. திரும்ப எல்லா முடிச்சும் ஒத்துப்போகணும்.

காலையில் வேகமாகப் போனது. இப்போது மெதுவாகிவிட்டது. சாயங்காலம் சிக்னல் வருகிற முருங்கை மரத்தடியில் நின்று சபீனாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்படித்தான் இருக்கணுமாம். தட்டு கீழே ஒட்டுகிற இடம் நெருங்க நெருங்க அடியைச் சின்னதாக வைக்கும். முடியவில்லை என்றால் பாதியாக வெட்டி, அதுவும் முடியவில்லை என்றால் அதில் பாதி. மழை நாளில் பாறையில் இறங்குகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கால் வைத்துப் பார்த்து, எடுத்து, இன்னும் கிட்டத்தில் வைத்து.

தட்டுக்குக் கீழே இருக்கிற காற்றையும் நீ கணக்கில் சேர்த்திருக்கிறாயாம். இதையும் நீ சொல்லியிருக்கிறாய் என்று அப்போது ஞாபகம் வந்தது. தேன் வடிகட்டிக்கொண்டிருந்தோம். நீ இரண்டு தட்டுக்கு நடுவில் தேனை வைத்து அமுக்கிக் காட்டினாய். "அவ்ளோ சின்ன சந்துல காத்து கூட இப்படித்தாம்மா, தேன் மாதிரி. சட்டுனு வெளிய போவாது. தட்ட விழவுடாம கொஞ்ச நேரம் புடிச்சு வெக்கும்." தேனை வீணாக்குறியே என்று நான் உன் கையில் ஒன்று வைத்தேன். நீ விரலை நக்கிக்கொண்டு ஓடிவிட்டாய்.

உங்கப்பா கயிற்றுக் கட்டிலைப் பொட்டி பக்கத்தில் போட்டுக்கொண்டார். சூடு பார்க்கிறேன் என்று அடிக்கடி புறங்கையை வைக்கிறார். உன் நெற்றியில் வைத்த மாதிரியே. 

உளுந்து ஊறப்போட மறந்தேன்.


24, செவ்வாய்

விடிந்ததும் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடி ரொம்பச் சின்னது. ஒரே இடத்தில் நின்று கால் மாற்றுகிற மாதிரி.

பழைய சோறு சாப்பிட்டோம். உங்கப்பா தட்டைக் கழுவப் போனார். நான் திரும்புகிறேன், சிவப்பு வரி. எண் ஓடவில்லை. காற்றாடிச் சத்தம்கூட அடங்கிவிட்டது.

கரண்ட் இருக்கிறது. பொட்டி எரிகிறது. கணக்கு மட்டும் நின்றுவிட்டது.  ஒரு சாமை உள்ளே தங்கிவிட்டதா என்றுதான் முதலில் தோன்றியது. நான் ஊக்கால் எடுக்காமல் விட்ட ஒரு சாமை. போளூருக்குக் கொடுத்திருக்கலாம். பிடிவாதம் பிடித்து உன் பேரை நானே அழித்துவிட்டேன்.

முருங்கை மரத்தடியில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. தண்ணீர் டேங்க் வரைக்கும் ஏறினால்தான் கிடைக்கும். பொட்டியை விட்டுப் போகவும் பயம். உங்கப்பாவுக்கு எண் படிக்க வராது. அப்போது உன் சின்னம்மா முறத்தோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ போக்கா. நான் பாத்துக்கறேன். குஞ்சு வந்தா கூப்புடறேன்."

அதே பேச்சுதான். அவள் அதைச் சொன்ன விதம் வேறு.

சிவப்பு வரியையும் அதற்கு மேலே இருந்த எண்ணையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஏறினேன். டேங்க்குக்குக் கீழே மூச்சு வாங்க நின்று போன் போட்டேன். நின்றுபோச்சும்மா என்றேன். சாமைதான் என்றேன். என் தப்பு என்றேன். சபீனா என்னைப் பேசவிடவில்லை. சிவப்பு வரியில் இருக்கிற எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். ஏபிசிடி எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். பிறகு மேலே இருக்கிற எண். சொன்னேன். புள்ளி எங்கே என்றாள். சொன்னேன்.

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம். 

"அம்மா. அது ரிப்பேர் இல்லம்மா. அதான் விடை."

எனக்குப் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே பொறுமையாகச் சொன்னாள். அந்த இடம் வரைக்கும் தட்டு தாங்கி நிற்கும். அதற்கு மேல் ஒரு பொட்டு ஏற்றினாலும் தாங்காது, விழுந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் தட்டு நிற்கிற இடம் என்று ஒன்றே கிடையாது. கணக்கு எத்தனை தடவை அடியைப் பாதியாக வெட்டித் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் இல்லை. தேடித் தேடி, இல்லை என்று தெரிந்ததும் நிற்கிறது. நின்ற இடம்தான் ஒட்டுகிற இடம்.

"லேப்ல அளந்ததும் கிட்டத்தட்ட அதே எண்ணும்மா. வளைவு சேக்காம போட்ட எந்தக் கணக்கும் இவ்ளோ கிட்ட வந்ததில்ல. அவ சொன்னதுதான் சரி."

டேங்க்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரோ மோட்டாரை நிறுத்த மறந்திருக்கிறார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சபீனா என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த எண் போதும், சாயங்காலத்துக்குள் எழுதிவிடுவாளாம். மீதியை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வாளாம். உன் பேர் முதலில் வருமாம், அப்புறம் அவள் பேர், கடைசியில் சார். அதற்கப்புறம்தான் ஒன்று கேட்டேன். இல்லாததைத் தேடி நிற்கிறதுக்குத் தப்பு என்று ஏன் சிவப்பில் எழுதுகிறது என்று. "அதுக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாதும்மா" என்றாள்.

இறங்கும்போது காலைப் பாறையில் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

வாசலில் உங்கப்பா நின்றார். தலையாட்டினேன். அவ்வளவுதான். அவர் உள்ளே போய் இன்வெர்ட்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார், முருகேசனுக்குக் கொண்டுபோகணும். சுற்றினவர் சுற்றினபடியே கட்டிலில் உட்கார்ந்து, ஒயரை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். ஆடியில் அழவில்லை. சின்னம்மா எழுந்து போய் அடுப்பு மூட்டினாள். கருப்பட்டிக் காப்பி. சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை போல.

இன்னும் ஒரு வேலை மிச்சம். அழிந்துபோகாமல் இருக்க, கணக்கை ஒரு பேர் வைத்து எடுத்து வைக்கணும் என்று சபீனா சொல்லியிருந்தாள். அவள் சொன்னபடியே ஒரு இடத்தை அமுக்கினேன். வெள்ளைக் கட்டம் ஒன்று வந்தது. நீ சாமைக்கும் கொள்ளுக்கும் ஓணானுக்கும் பேர் எழுதின அதே கட்டமாம். எதை வேண்டுமானாலும் எழுதலாம், எழுதிவிட்டு வலது பக்கப் பெரிய பித்தான்.

அவ பேரே வெச்சிடு என்கிறார் உங்கப்பா. அது சரியாக வராது, நீ எதற்கும் உன் பேரை வைத்தது இல்லை. குஞ்சுன்னு வையேன் என்கிறாள் சின்னம்மா, காப்பியை ஆற்றிக்கொண்டே. உனக்குப் பேர் வைத்தபோதும் இப்படித்தான் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் யாரையும் கேட்காமல் சிட்டு என்று கூப்பிட்டேன், நீ திரும்பிப் பார்த்தாய், அதுவே நின்றது.

கட்டத்துக்குள் ஒரு கோடு மின்னி மின்னி நிற்கிறது. வெளியில் வெயில், சாமையை அள்ளணும்.

இதுக்கு இன்னா பேரு வெக்கட்டும், சிட்டு?